வீடியோ கேமுக்குள் வழி தவறுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் விளையாடும்போது எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிடிபடாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. இருபது ஆண்டுகளாக விளையாடுகிறேன். இன்றும் ஒரு குகைக்குள் மூன்று முறை திரும்பிவிட்டால், நுழைந்த வாசல் எங்கே என்று எனக்குத் தெரியாது. நண்பர்களும் உறவினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, படித்ததையும் பட்டதையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊருக்குள் எனக்கு வழி நன்றாகத் தெரியும். விளையாட்டில் மட்டும் ஏன் தொலைந்துபோகிறேன்?

விளையாட்டில் உங்கள் உடம்பு நடப்பதில்லை. அதுதான் முதல் காரணம். தெருவில் நடக்கும்போது கண் மட்டும் வழியைப் பார்த்து வைப்பதில்லை. காதின் உட்புறத்தில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைக் கால் தசைகளும் மூட்டுகளும் சொல்லும். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, புறப்பட்ட இடம் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளை நாம் கேட்காமலேயே கணக்கு வைக்கிறது. மின்சாரம் போன இரவில் தட்டுத் தடுமாறியாவது அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துவிட முடிகிறதே, அது இந்தக் கணக்கின் உதவியால்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி கட்டைவிரலால் திரும்பும்போது இந்தக் கணக்கு அறுந்துபோகிறது. திரையில் உலகமே சுழல்கிறது, காதோ நீங்கள் அசையவே இல்லை என்கிறது. 1998இல் ராபர்ட்டா கிளாட்ஸ்கியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் நேராகப் போய், ஒரு முறை திரும்பி, மறுபடியும் நேராகப் போக வேண்டும். பிறகு புறப்பட்ட இடத்தை நோக்கித் திரும்ப வேண்டும். உண்மையிலேயே உடம்பைத் திருப்பியவர்கள் நன்றாகச் செய்தார்கள். காட்சியை மட்டும் பார்த்தவர்கள், நடுவில் அந்தத் திருப்பமே நடக்காததுபோலத் தவறான கோணத்தில் திரும்பினார்கள்.

திரையின் அகலத்துக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு கண்களும் சேர்ந்து ஏறக்குறைய 200 டிகிரி அகலத்துக்குப் பார்க்கின்றன. விளையாட்டுகள் பெரும்பாலும் 60 முதல் 100 டிகிரிக்குள்தான் காட்டுகின்றன. தெருவில் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டே வரும் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் திரையில் சட்டென்று வெட்டுப்பட்டுப் போகின்றன. நீங்கள் விளையாடுவதில் பார்வைக் கோணத்தை மாற்றும் வசதி இருந்தால், கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள். எனக்கு அது உடனே உதவியது.

நிஜத்திலும் எனக்குத் திசை தெரியாது. இது ஒரு நோயா?

பெரும்பாலும் இல்லை. குரல் வளம்போல ஆளுக்கு ஆள் கூடவோ குறையவோ இருக்கும் திறன் இது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் அதையொட்டிய என்டோரைனல் புறணியும் இந்த வேலையில் முக்கியமானவை. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் தூண்டப்படும் செல்களை 1971இல் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். சுற்றியுள்ள இடத்தை அறுகோண ஒழுங்கில் அளந்துகொள்ளும் செல்களை மோசர் தம்பதியர் 2005இல் கண்டறிந்தார்கள். இந்த மூவருக்கும் 2014ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மிகச் சிலருக்கு, மூளையில் எந்தக் காயமும் இல்லாமல், நினைவாற்றலும் நன்றாக இருந்தும், பழகிய தெருவிலேயே சிறுவயது முதல் வழி தவறும் நிலை இருக்கிறது. ஜுசெப்பே இயாரியாவும் அவருடைய குழுவினரும் இத்தகைய ஒருவரைப் பற்றி 2009இல் எழுதினார்கள். அதன் பிறகு இப்படிப்பட்ட பலர் தங்கள் நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அறிந்து நிம்மதி அடைந்தார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதுவரை வழி நன்றாகத் தெரிந்த ஒருவர், அதிலும் வயதானவர், திடீரென்று தெரிந்த பாதையில் தடுமாறத் தொடங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களில் ஒன்று அந்த என்டோரைனல் புறணி.

இது பிறவியிலேயே வருவதா, வளர்ந்த இடத்தால் வருவதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வீடியோ கேமே பதில் தேடியிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2016இல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைப்பேசி விளையாட்டு வந்தது. வரைபடத்தை ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். நினைவில் வைத்துக்கொண்டு படகை ஓட்ட வேண்டும். சில கட்டங்களில் வளைந்து வளைந்து போன பிறகு, புறப்பட்ட இடம் எந்தப் பக்கம் என்று பார்த்து வெளிச்ச வாணத்தைச் சுட வேண்டும். அல்சைமர் ஆய்வுக்காகச் செய்த விளையாட்டு அது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடினார்கள்.

அதில் 38 நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 4 லட்சம் பேரின் ஆட்டத்தை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள், சராசரியாகப் பார்த்தால், நகரத்தில் வளர்ந்தவர்களைவிட நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். நகரங்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. சிகாகோபோலக் கட்டம் கட்டமாகத் தெருக்கள் அமைந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு, பிராக் போன்ற வளைந்து நெளிந்த பழைய ஊரில் வளர்ந்தவர்களைவிடத் திறன் குறைவாக இருந்தது. எளிதான தெருக்கள் பிள்ளைகளுக்குக் குறைவாகத்தான் கற்றுத்தருகின்றன போலும். ஆனால் இது சராசரிதான். கிராமத்தில் பிறந்தும் திணறுபவர்களை எனக்குத் தெரியும்.

பெண்களுக்கு இயல்பிலேயே திசை தெரியாது என்கிறார்களே?

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதே விளையாட்டின் தரவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வேறுபாடு எல்லா நாட்டிலும் ஒரே அளவாக இல்லை. ஆண் பெண் சமத்துவம் குறைவான நாடுகளில் இடைவெளி அதிகம், சமத்துவம் கூடிய நாடுகளில் குறைவு. தனியாக ஊர் சுற்ற விடப்பட்ட பிள்ளைக்கும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கும் வழி தேடும் பழக்கம் ஒரே அளவில் எப்படி இருக்கும்? என் தம்பி பதினொரு வயதில் சைக்கிளில் மதுரை முழுவதும் சுற்றினான். எனக்குப் பதினேழு வயதுவரை பள்ளிக்கூடப் பாதை ஒன்றுதான் தெரியும். பிறகு இருவரும் ஒரே விளையாட்டை விளையாட உட்கார்ந்தோம்.

எந்தவிதமான இடங்களில் வழி தவறுவது அதிகம்?

எல்லாச் சுவரும் ஒன்றுபோல இருக்கும் இடங்களில்தான். மதுரைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மீனாட்சியம்மன் கோயிலின் நான்கு வெளிக் கோபுரங்களும் வெளியூர்க்காரர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தெற்குக் கோபுரம்தான் மிக உயரமானது என்றாலும் கீழே நிற்கிறவருக்கு அது எங்கே தெரியப் போகிறது? கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து திகைத்து நிற்பவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

விளையாட்டுகளில் இந்தத் தொல்லை மிகப் பழையது. வில் குரவுதர் என்பவர் குகைகளுக்குள் இறங்கி ஆராய்வதில் ஈடுபாடு உடையவர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் குகையை அளந்து வரைபடம் தயாரித்தவர்களில் ஒருவர். அந்தக் குகையை மனத்தில் வைத்து 1970களின் நடுவில் அவர் எழுத்து மட்டுமே உள்ள ஒரு கணினி விளையாட்டைச் செய்தார். டான் உட்ஸ் 1977இல் அதை விரிவாக்கினார். அதில் ஒரு புதிர்ப்பாதை உண்டு. எந்த அறைக்குப் போனாலும் ஒரே வருணனைதான் வரும். விளையாடியவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கையில் இருந்த பொருள்களை அறைக்கு ஒன்றாகக் கீழே போட்டுவைத்தார்கள். ஓர் அறையில் சாவி கிடந்தால் அது ஏற்கெனவே வந்த அறை. இந்த உத்தி இன்றைக்கும் பலிக்கிறது. நான் இப்போதும் தேவையில்லாத பொருள்களைக் கிளைப்பாதைகளில் போட்டுவிட்டுத்தான் நடக்கிறேன்.

உயரம் மாறும் இடங்கள் அதைவிடக் கடினம். 1998இல் வந்த 'செல்டா: ஒக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டில் ஒரு தண்ணீர்க் கோயில் வரும். நீர்மட்டத்தை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கி வழி கண்டுபிடிக்க வேண்டும். உலகம் முழுவதும் ஆட்கள் அதற்குள் திண்டாடினார்கள். உருவாக்கியவர்களில் ஒருவரான ஐஜி அவோனுமாவே பின்னாளில் அதற்காக வருத்தம் தெரிவித்தார். 2011இல் மறுபதிப்பு வந்தபோது, நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு இட்டுச்செல்ல வண்ணக் கோடுகளைச் சேர்த்தார்கள். ஆகவே வழி தெரியாமல் போவதில் விளையாடுபவரின் குறை மட்டும் இல்லை.

வலப்பக்கச் சுவரை ஒட்டியே நடந்தால் எந்தப் புதிர்ப்பாதையிலிருந்தும் வெளியே வந்துவிடலாம் என்பது உண்மையா?

வெளிச்சுவரோடு எல்லாச் சுவர்களும் தொடர்ந்து இணைந்திருந்தால் உண்மை. நடுவில் தீவுபோலத் தனியாக நிற்கும் சுவரை ஒட்டி நடக்கத் தொடங்கினால் அதையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். நுழைவாயிலிலிருந்தே சுவரைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. மாடிகளும் பாலங்களும் உள்ள முப்பரிமாண இடங்களில் இதை நம்பாதீர்கள்.

சண்டை முடிந்ததும் எந்தப் பக்கம் வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

கிராமங்களில் திகைப்பூண்டு என்று ஒரு செடியைப் பற்றிச் சொல்வார்கள். அதை மிதித்தவர் வழி மறந்து விடியும்வரை ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார் என்பது நம்பிக்கை. சண்டை முடிந்த கணத்தில் எனக்கு அப்படித்தான் ஆகும். எதிரியைப் பார்த்துச் சுழன்று சுழன்று அடித்ததில் முன்பக்கம் பின்பக்கமாகியிருக்கும். நம்பிக்கையோடு ஓடி, வந்த வழியிலேயே பத்து நிமிடம் திரும்பிப் போயிருப்பேன்.

அறைக்குள் நுழைந்ததும், சண்டை தொடங்கும் முன்பே, நீங்கள் போகவேண்டிய பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை வாய்விட்டுச் சொல்லுங்கள். "உடைந்த தூண்." அவ்வளவு போதும். முடிந்ததும் உடைந்த தூணைத் தேடுங்கள். இடம், வலம் என்று நினைவில் வைக்காதீர்கள், நீங்கள் சுழன்றதும் அவையும் சுழன்றுவிடும். தூண் இருந்த இடத்திலேயே இருக்கும். இறந்து கிடக்கும் எதிரிகளும் நல்ல அடையாளம்தான். உடல்கள் கிடக்கும் பாதை நீங்கள் வந்த பாதை. சில விளையாட்டுகள் அவற்றைச் சற்று நேரத்தில் மறையச் செய்துவிடும், அதனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மினிமேப் நம்மோடு சேர்ந்து சுழல்வது நல்லதா, வடக்கு எப்போதும் மேலே இருப்பது நல்லதா?

மினிமேப் என்பது விளையாடும்போது திரையின் ஓரத்தில் தெரியும் சிறு வரைபடம். அவசரத்துக்குச் சுழல்வது நல்லது. படத்தில் வலப்பக்கம் இருப்பது உங்களுக்கும் வலப்பக்கம் இருக்கும். மனத்துக்குள் எதையும் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஊரைக் கற்றுக்கொள்ள வடக்கு நிலையாக இருப்பதுதான் உதவும். சுழலும் படத்தில் கோட்டை ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே, ஒருமுறை பக்கவாட்டில் தெரியும். அதற்கு ஒரு நிரந்தர இடம் மனத்தில் உட்காருவதே இல்லை.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்களில் மேலத்தெரு, கீழத்தெரு உண்டு. மதுரையில் வடக்கு மாசி வீதியும் தெற்கு ஆவணி மூல வீதியும் பெயரிலேயே திசையைச் சுமக்கின்றன. மொழியியலாளர் எரிக் பீடர்சன் 1990களில் தமிழ் பேசுவோரிடம் செய்த ஆய்வில், கிராமத்தார் மேசைமேல் இருக்கும் சிறு பொருள்களைக்கூட வடக்கே இருப்பது, தெற்கே இருப்பது என்று திசையால் குறிப்பிட்டார்கள் என்றும், நகரத்தார் இடப்பக்கம், வலப்பக்கம் என்றார்கள் என்றும் கண்டார். என் பாட்டி அந்த முதல் வகை. "கிழக்கே தள்ளி உட்கார்" என்பார். நான் இரண்டாம் வகையாக வளர்ந்துவிட்டேன். அதனால் விளையாடும்போது பாட்டியின் வழியை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். "ஆறு மேற்கே இருக்கிறது, நான் வடக்கே போகிறேன்" என்று சொல்லிக்கொள்வேன். வடக்கு மேலே இருக்கும் படமும் இந்தப் பழக்கமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் வேறுபாடு தெரியும்.

அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போவது ஏமாற்று வேலையா?

இல்லை. யார் என்ன சொன்னாலும் இல்லை. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில், அதைச் செய்தவர்களே வைத்த உதவி அது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2002இல் வந்த 'மோரோவிண்ட்' விளையாட்டில் அம்பு கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் வாயால் வழி சொல்வார், பாலத்தைத் தாண்டி, பாதை பிரியும் இடத்தில் தெற்கே திரும்பு என்பதுபோல. நீங்கள் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அதே வரிசையில் 2006இல் வந்த 'ஒப்ளிவியன்' திசைகாட்டியில் அம்பு வைத்தது. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையிலும் இதே மாற்றம் நடந்தது. 2001இல் வந்த மூன்றாம் பாகத்துக்குப் பெட்டிக்குள் காகித வரைபடம்தான் இருந்தது. 2008இல் வந்த நான்காம் பாகத்தில் மினிமேப்பிலேயே கோடு போட்டு வழி காட்டினார்கள். வழி தவறும் எங்களைப் போன்றவர்கள் அன்றைக்குப் பெருமூச்சு விட்டோம். ஆனால் கோட்டைப் பார்த்து ஓட்டியவருக்குக் கோடுதான் நினைவில் இருக்கும், தெரு இருக்காது. நாற்பது மணி நேரம் ஓட்டிய ஊரில், கோடு மறைந்ததும் ஒரு முச்சந்தியில் நான் புதிதாக வந்தவள்போல நின்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். போகும்போது அம்பு, திரும்பும்போது அம்பில்லாமல். போகும்போது அவசரம் இருக்கும், கதை காத்திருக்கும். வேலை முடிந்து திரும்பும் வழியில் யாரும் துரத்துவதில்லை. அம்பை அணைத்துவிட்டு, வந்த வழியைக் கண்டுபிடித்துத் திரும்பிப் பாருங்கள். தவறினால் மறுபடியும் அம்பைப் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போதே அவ்வப்போது கேமராவைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பது இதற்கு மிகவும் உதவும். திரும்பி வரும்போது பார்க்கப்போகும் காட்சி அதுதான். மலையேறுபவர்களின் பழைய பழக்கம் இது.

மைன்கிராஃப்டில் வீட்டைக் கட்டிவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியவில்லை.

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்து. கட்டிய வீட்டை இழப்பது சின்ன வருத்தம் இல்லை. கண்ணீரோடு வந்து கேட்ட குழந்தைகள் உண்டு.

முதலில், அங்குள்ள திசைகாட்டி உங்கள் வீட்டைக் காட்டாது. உலகம் தொடங்கிய இடத்தைத்தான் காட்டும். கட்டிலையும் காட்டாது. இதைத் தெரியாமல் வெகு தூரம் நடந்தவர்கள் பலர். வீட்டைக் காட்ட வேண்டுமானால் 2020இல் சேர்க்கப்பட்ட லோட்ஸ்டோன் கல்லை வீட்டில் வைத்து, திசைகாட்டியை அதில் தொட்டு எடுக்க வேண்டும்.

அதைவிட எளிய வழி ஆயங்களைக் குறித்து வைப்பது. கணினியில் ஜாவா பதிப்பு விளையாடுபவர்கள் எஃப்3 பொத்தானை அழுத்தினால் நீங்கள் நிற்கும் இடம் எண்களாகத் தெரியும். கைப்பேசியில் விளையாடும் பெட்ராக் பதிப்பில், உலக அமைப்புகளுக்குள் போய் ஆயங்களைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வாசலில் நின்று எக்ஸ், இசட் எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எக்ஸ் கூடினால் கிழக்கே போகிறீர்கள். இசட் கூடினால் தெற்கே போகிறீர்கள். இந்த இரண்டு வரி நினைவிருந்தால் எங்கிருந்தும் வீடு வந்து சேரலாம்.

எண்கள் பிடிக்காதவர்களுக்கு வானம் இருக்கிறது. சூரியன் கிழக்கே உதிக்கும். மேகங்கள் எப்போதும் மேற்கு நோக்கியே நகரும். சூரியகாந்திப் பூக்கள் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கும், சூரியனோடு திரும்பாது.

சுரங்கத்துக்குள் வானம் இல்லை. அங்கே தீப்பந்தங்களை எப்போதும் ஒரே பக்கத்தில் நட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போகும்போது இடப்பக்கம் நட்டால், வெளியே வரும்போது அவை வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் இன்னும் ஆழத்துக்குப் போகிறீர்கள் என்று பொருள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நட்டுவிட்டால் இந்த உத்தி பாழ். அதனால் வெளிச்சம் போதவில்லை என்றாலும் அந்த ஒழுங்கை விடாதீர்கள். நெதர் என்ற பாதாள உலகத்தில் சாதாரணத் திசைகாட்டி வேலை செய்யாது, முள் சுழன்றுகொண்டே இருக்கும். அங்கே ஒரு கட்டம் நடந்தால் மேலுலகில் எட்டுக் கட்டம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சிறு தவறும் எட்டு மடங்காகும்.

குழுவாகப் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) விளையாடுகிறோம். "அதோ, அங்கே" என்கிறார்கள். எங்கே என்று தெரிவதற்குள் சுடப்பட்டுவிடுகிறேன்.

திரையின் மேற்பகுதியில் ஒரு பட்டை இருக்கிறது. அதில் வடக்குக்கு 0, கிழக்குக்கு 90, தெற்குக்கு 180, மேற்குக்கு 270 என்று டிகிரி எண்கள் ஓடும். "அங்கே" என்பதற்குப் பதிலாக "120" என்று சொல்லச் சொல்லுங்கள். எண் 120 நடுவில் வரும்வரை திரும்பினால் போதும். இடம், வலம், திசை எதுவும் தெரிய வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பட்டை ஊன்றுகோல்.

ஒரு சிக்கல் உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த எண் சொல்பவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்த கோணம். நீங்கள் அவர் பக்கத்தில் நின்றால் உங்களுக்கும் பொருந்தும். இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் அதே 120இல் நீங்கள் வெறும் மரத்தைத்தான் பார்ப்பீர்கள். அந்த விளையாட்டில் உள்ள எராங்கல் என்ற வரைபடம் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் பரப்புடையது. அதில் சிதறி நிற்கும் குழுவுக்கு எண் மட்டும் போதாது. தள்ளி நிற்கும்போது வரைபடத்திலோ நேரே அந்த இடத்திலோ மார்க்கர் வைக்கச் சொல்லுங்கள். அது எல்லோருடைய திரையிலும் சரியான பக்கத்தில் தெரியும்.

ஒலியும் உதவும். காலடி ஓசை இடமா வலமா என்பது ஹெட்போனில் தெளிவாகத் தெரியும், முன்னாலா பின்னாலா என்பது எளிதில் குழம்பும். குழம்பினால் நின்ற இடத்திலேயே கொஞ்சம் வலப்பக்கம் திரும்புங்கள். ஓசை இடக்காதுக்கு நகர்ந்தால் ஆள் முன்னால் இருக்கிறார். வலக்காதுக்கு நகர்ந்தால் பின்னால் இருக்கிறார்.

காகிதத்தில் வரைபடம் வரைவது பயன் தருமா?

மிகவும். வரைந்து முடித்த பிறகு பல நேரம் அந்தத் தாளைப் பார்க்கவே வேண்டியிருக்காது. அழகாக வரைய வேண்டாம், அளவும் வேண்டாம். வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள், ஒவ்வொரு வட்டத்துக்கும் நீங்களே வைத்த பெயர். நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல், மனிதர்கள் ஒரு நகரத்தைப் பாதைகள், எல்லைகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளங்கள் என்ற ஐந்தாகப் பிரித்து நினைவில் வைக்கிறார்கள் என்று எழுதினார். விளையாட்டு உலகத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. பெயர் வைப்பதுதான் இதில் உயிர். விளையாட்டில் அந்த இடத்துக்கு வேறு பெயர் இருக்கலாம். என் தாளில் அது "நாய் துரத்திய சந்து". அந்தச் சந்தை நான் இனி மறக்க மாட்டேன்.

வரைவதையே விளையாட்டாக்கியவர்களும் உண்டு. 'எட்ரியன் ஒடிஸி' வரிசையில் தொடுதிரையில் நீங்களே கட்டம் கட்டமாக வரைபடம் வரைந்துகொண்டு போக வேண்டும். 2017இல் வந்த 'ஹாலோ நைட்' விளையாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் வரைபடத்தை விலைக்கு வாங்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் அதில் தெரிய வேண்டுமானால் திசைகாட்டி ஒன்றையும் தனியாக வாங்கி அணிந்துகொள்ள வேண்டும். எங்களைப் போன்றவர்கள் முதல் காசில் வாங்க வேண்டியது அதைத்தான்.

வழி தவறுகிறவர்கள் நிம்மதியாக விளையாட எதைப் பரிந்துரைப்பீர்கள்?

'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. 2020இல் வந்தது. திரையில் அம்பு இல்லை, மினிமேப் இல்லை. கைவிரலால் தொடுபலகையை மேல்நோக்கித் தள்ளினால் காற்று எழுந்து, புல்லும் இலைகளும் நீங்கள் போக வேண்டிய பக்கம் சாயும். வழியும் தெரிகிறது, கண்ணும் ஊரைப் பார்க்கிறது. ஓரத்துக் குறியைப் பார்த்துக்கொண்டே நடந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் உலகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நான் நடந்தது அதில்தான்.

அதே ஆண்டு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் கேமரா போகவேண்டிய பக்கம் திரும்பும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைத்த வசதி, எங்களுக்கும் பயன்படுகிறது. அச்சமூட்டும் கதைகள் பிடிக்கும் என்றால் 'டெட் ஸ்பேஸ்'. பொத்தானை அழுத்தினால் தரையில் ஒளிக்கோடு தோன்றி வழி காட்டும். 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டின் கூடுதல் பகுதியில், கடைசி 200 மணி நேரம் நடந்த பாதையை வரைபடத்தில் பச்சைக் கோடாகக் காட்டும் வசதி உண்டு. எங்கே இன்னும் போகவில்லை என்பது பளிச்சென்று தெரியும்.

அதிகம் விளையாடினால் நிஜத்தில் திசையறிவு கூடுமா?

உறுதி தர மாட்டேன். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள ஏறக்குறைய 25,000 தெருக்களைப் படிக்கிறார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதை எலினோர் மகுவயர் 2000இல் காட்டினார். அது பல ஆண்டு உழைப்பு. மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவதை அதோடு ஒப்பிட முடியாது. ஆனால் விளையாட்டில் கற்ற பழக்கங்கள், பின்னால் திரும்பிப் பார்ப்பதும் அடையாளத்துக்குப் பெயர் வைப்பதும், தெருவுக்கு வந்தபோது என்னோடு வந்தன.

கூட விளையாடுபவர் பொறுமை இழந்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

வழி தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினம், ஏனென்றால் அவர்களுக்கு அது முயற்சியே இல்லாமல் வருகிறது. "இவ்வளவு நேரமாக இங்கேதானே இருக்கிறோம்?" என்று கேட்பார்கள். அவர்கள் மோசமானவர்கள் இல்லை. தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "எனக்கு வழி சீக்கிரம் பிடிபடாது. முன்னால் ஓடிவிடாதே, அடையாளம் சொல்." கன்ட்ரோலரைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ள மட்டும் விடாதீர்கள். ஒருவர் வாங்கி ஓட்டிக் காட்டிய வழியை நான் ஒருமுறைகூடக் கற்றுக்கொண்டதில்லை.

என் தம்பி இதைப் பழகிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின. முன்பெல்லாம் "இந்தப் பக்கம், அக்கா, இந்தப் பக்கம்!" என்று கத்துவான். இப்போது அவன் வேறு ஊரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுகிறோம். நான் பேசாமல் இருந்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும்.

"அக்கா, சிவப்புக் கூரை ஒன்று தெரிகிறதா?"

"தெரிகிறது."

"அதற்குப் பின்னால்தான் நிற்கிறேன். மெதுவாக வா."